சிலிக்கான் பொம்மையில் விரிசல் விழுந்தால்: வீட்டிலேயே சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியவர்களுக்கான முழு உருவ சிலிக்கான் பொம்மைக்கு ஒரு நல்ல பைக் வாங்கும் பணம் ஆகும். பைக் கெட்டால் தெருமுனையில் மெக்கானிக் இருக்கிறார். இதன் அக்குளில் கிழிசல் விழுந்தால் யாரிடம் கொண்டுபோவது? வெளியே சொல்லவும் கூச்சம். அதனால் பலரும் ராத்திரியோடு ராத்திரியாக மேஜை டிராயரில் கிடக்கும் ஃபெவிக்விக்கை எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். இரண்டு செ.மீ. விரிசல் ஒரே வாரத்தில் நான்கு செ.மீ. ஆகிறது.

எனக்குச் சோறு போடுவதே சிலிக்கான்தான். விபத்தில் விரல், காது இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்யும் சின்னப் பட்டறை. நண்பர் ஒருவர் தயங்கித் தயங்கி "ஒரு பொம்மை இருக்கு, கொஞ்சம் பார்க்க முடியுமா" என்று கேட்டபோதுதான் முதன்முதலில் இந்த வேலையைத் தொட்டேன். அச்சும் நிறமியும் பசையும் நான் தினமும் புழங்குவதுதான். ஒரே வித்தியாசம், செயற்கை விரல் சில கிராம். இது முப்பத்தைந்து, நாற்பது கிலோ. அந்த எடைதான் பாதிக் கிழிசலுக்குக் காரணம்.

முதலில், அது சிலிக்கான்தானா?

சந்தையில் இரண்டு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று சிலிக்கான். இன்னொன்று டி.பி.இ. என்ற மென்ரப்பர். விலை குறைவு என்பதால் சீனாவின் குவாங்டாங் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வருபவற்றில் டி.பி.இ. நிறையவே உண்டு. தொட்டால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் பழுது பார்க்கும் முறை நேர் எதிர். டி.பி.இ. சூட்டில் உருகும், கரைப்பானில் இளகும். அதனால் அதைச் சூடு காட்டியோ கரைப்பான் கலந்த பசையாலோ ஒட்டலாம். சிலிக்கான் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். சூடு காட்டினால் உருகாது, கருகும்.

வாங்கியபோது வந்த தாளில் எழுதியிருந்தால் சரி. இல்லாவிட்டால் கிழிசலின் ஓரத்திலிருந்து அரிசி அளவு துணுக்கு ஒன்றை வெட்டி, வீட்டுக்கு வெளியே, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். டி.பி.இ. உருகிச் சொட்டும், கரும்புகை வரும். சிலிக்கான் உருகாமல் எரிந்து வெள்ளைச் சாம்பலாக நிற்கும். துணுக்கில் மட்டும்தான் இந்தச் சோதனை. பொம்மையின் பக்கத்தில் தீயைக் கொண்டுபோகாதீர்கள்.

சிலிக்கானிலும் இரண்டு சாதி உண்டு. பிளாட்டினம் வினையூக்கியால் இறுகியது ஒன்று, தகரச் சேர்மத்தால் இறுகியது மற்றொன்று. கலிஃபோர்னியாவின் ரியல்டால் பொம்மைகள் தொடக்கத்தில் தகர வகையில்தான் வந்தன. 2009இல் பிளாட்டினத்துக்கு மாறினார்கள். இன்று வரும் நல்ல பொம்மைகள் பெரும்பாலும் பிளாட்டினம். பழைய பொம்மை என்றால் இது முக்கியம்: தகர சிலிக்கானின் மேல் புது பிளாட்டினம் சிலிக்கானை ஊற்றினால், தொடும் இடத்தில் அது இறுகவே இறுகாது. பிசுபிசுவென்று தேன் மாதிரி நிற்கும். எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் காதுக்குப் பின்னால் பிளாட்டினம் சிலிக்கான் ஒரு சொட்டு வைத்து, இறுகுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

விரிசலைப் படிப்பது

கையில் பசையை எடுக்கும் முன் டார்ச்சைக் கையில் எடுங்கள்.

பொம்மை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் விரிசல் தானாகவே பேசும். உள்ளே மூட்டுகளோடு எஃகு எலும்புக்கூடு. எடையைக் குறைக்கப் பல பொம்மைகளில் அதைச் சுற்றி நுரை. அதை இரண்டு பாதி அச்சுக்குள் வைத்து மூடி சிலிக்கானை ஊற்றுகிறார்கள். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மெல்லிய சவ்வு போலப் பிதுங்கி நிற்கும். அதை வெட்டி, மேலே சிலிக்கான் பூசி மறைக்கிறார்கள். உடலின் பக்கவாட்டில், கையின் உட்புறத்தில், தொடை ஓரமாக ஓடும் அந்தக் கோட்டைத்தான் இங்கே அச்சுக்கோடு என்கிறேன். துணியில் வருவது போன்ற தையல் அல்ல அது. உள்ளே பொருள் ஒன்றேதான்.

ஆகவே 'கோடு பிரிந்துவிட்டது' என்று வருபவற்றில் முக்கால்வாசி மேல்பூச்சு உரிந்ததுதான். விரல் நுனியால் இரு பக்கமும் மெதுவாக விலக்கிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் வழவழப்பான தரை தெரிந்தால் பூச்சு மட்டும் போயிருக்கிறது. தரை சொரசொரவென்று, மாவு பிட்டது போல இருந்தால் உடலே கிழிந்திருக்கிறது. மஞ்சள் நுரையோ உலோகமோ தெரிந்தால் அது மூன்றாவது வகை. அதற்குத் தனியாக வருகிறேன்.

ஏன் கிழிகிறது? உடலுக்கு மென்மை வேண்டும் என்பதற்காகவே இளகிய சிலிக்கானைப் பயன்படுத்துகிறார்கள். மென்மை கூடினால் கிழிபடாத் தன்மை குறையும். சிலிக்கான் தயாரிக்கும் ஸ்மூத்-ஆன் நிறுவனத்தின் ஈகோஃப்ளெக்ஸ் 00-30 என்ற மிருதுவான ரகத்துக்குக் கிழிவுத் தாக்குப்பிடிப்பு அங்குலத்துக்கு 38 பவுண்டு. சற்றுக் கெட்டியான டிராகன் ஸ்கின் 10 ரகத்துக்கு 102. இரண்டரை மடங்குக்கும் மேல்! இழுத்தால் இரண்டுமே பல மடங்கு நீளும். ஆனால் ஓரத்தில் ஒரு நகக்கீறல் விழுந்துவிட்டால் கதை வேறு. இழுவிசை முழுவதும் அந்தக் கீறலின் நுனிக்குப் போய், பால் பாக்கெட்டை வெட்டிய இடத்தில் கிழிவது போல ஓடிவிடும்.

நண்பர் கொண்டுவந்த பொம்மையின் இடது அக்குளில் ஏழு செ.மீ. கிழிசல். கீழ் நுனி மழுங்கியிருந்தது, மேல் நுனி ஊசி போலக் கூர்மை. கூர்மையான நுனி என்றால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விசாரித்ததில், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிய நிலையில் பத்து நாள் அலமாரியில் வைத்திருக்கிறார். தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கும் பழக்கம் வேறு. பசை பிறகு, முதலில் இந்த இரண்டையும் நிறுத்தச் சொன்னேன்.

என்னென்ன வேண்டும்

சிலிக்கானில் சிலிக்கான் மட்டும்தான் ஒட்டும். ஃபெவிக்விக், எபாக்ஸி, ரப்பர் சொல்யூஷன், சைக்கிள் டியூப் ஒட்டு எதுவும் வேண்டாம். ஃபெவிக்விக் பிடிப்பது போலத் தோன்றும். காய்ந்ததும் கண்ணாடி ஓரம் போலக் கடினமாகி, பக்கத்து மென்சதையை அதுவே அறுக்கும்.

பாத்ரூம் ஓரம் அடைக்கும் ஹார்டுவேர் கடை சிலிக்கானைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். வினிகர் வாடை வரும் அது ஒட்டவே ஒட்டாது என்று சொல்ல மாட்டேன், ஒட்டும். ஆனால் பூஞ்சை வராமலிருக்க அதில் மருந்து கலந்திருப்பார்கள். காய்ந்தபின் பொம்மையின் உடலைவிடக் கெட்டியாகவும் இருக்கும். தோலில் படும் பொருளுக்கு நான் அதைத் தொடுவதில்லை.

என் மேஜையில் இருப்பது: ஒற்றைக் கூறு சிலிக்கான் பசை ஒரு டியூப் (சில்-பாக்ஸி போன்றது), இரு கூறு பிளாட்டினம் சிலிக்கான் ஒரு சிறிய செட் (ஏ, பி என்று இரண்டு டப்பாவில் வரும், கலந்தால்தான் இறுகும்), சிலிக்கானுக்கென்றே வரும் நிறமி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி, புது சர்ஜிக்கல் பிளேடு, 0.1 கிராம் காட்டும் தராசு, ஐஸ்கிரீம் குச்சிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி, நைட்ரைல் கையுறை.

கையுறை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளை லேடெக்ஸ் கையுறை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியைக் கொன்றுவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் இது தெரியாமல், ஒரு காது முழுவதையும் பிசுபிசுப்பாக எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். அச்சு எடுக்கும் சில களிமண்ணிலும் இதே கந்தகம் உண்டு.

படி 1: கிடத்துவது

மெத்தை மேல் பழைய வெள்ளைப் பருத்தித் துணி விரித்து இரண்டு பேராகத் தூக்கிக் கிடத்துங்கள். ஒருவர் முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே, இன்னொருவர் தொடைக்குக் கீழே. தனியாள் என்றால் பெட்ஷீட்டில் உருட்டி இழுத்துக்கொள்ளலாம்.

கையை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதில்தான் பாதி வேலை. உடலோடு ஒட்ட வைத்தால் கிழிசல் மடிப்புக்குள் போய்விடும், பசை உள்ளே போகாது. அகலத் திறந்து வைத்தால் பசை காயும் வரை இழுவையிலேயே இருக்கும். யாரும் பிடிக்காமல் கிழிசலின் இரண்டு உதடும், அதாவது இரண்டு ஓரமும், தானாகத் தொட்டுக்கொள்ளும் கோணம் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து, கைக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து அப்படியே நிறுத்துங்கள். நண்பரின் பொம்மைக்கு அது முப்பது டிகிரி போல வந்தது.

படி 2: சுத்தம்

நீங்கள் அவசரப்படப்போகும் இடம் இது. மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, சோப்பு போக வெறும் தண்ணீரில் துடைத்து, ஃபேன் காற்றில் நன்றாக உலர விடுங்கள். அப்புறம் துணியில் ஆல்கஹால் நனைத்து உள்ளும் வெளியும் துடைக்க வேண்டும். துணியைத் திருப்பாமல் ஒரே இடத்தால் தேய்த்தால் அழுக்கை இடம் மாற்றுவதாகத்தான் ஆகும். இளகிய சிலிக்கானில் எண்ணெய் கலந்திருப்பதால் அது மெல்லக் கசியும். துடைத்து ஐந்து நிமிடம் கழித்து விரலால் தொட்டால் மறுபடி வழுக்கும். மறுபடி துடையுங்கள். நான் மூன்று தடவைக்குக் குறைத்ததில்லை. பவுடர் போட்டிருந்தால் கடைசித் துகள் வரை போக வேண்டும். ஒப்பனை தீட்டிய இடத்தில் மட்டும் ஆல்கஹாலைத் தள்ளிப் பிடியுங்கள், நிறம் போய்விடும்.

பழைய கிழிசல் என்றாலோ, ஏற்கெனவே யாரோ ஏதோ ஒட்டிப் பார்த்திருந்தாலோ, துடைத்து மாளாது. இரண்டு உதட்டிலிருந்தும் வெங்காயச் சருகு கனத்துக்குச் சீவி எடுங்கள். புதுச் சதை தெரிய வேண்டும். பிளேடு புதிதாக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு சிலிக்கானை வெட்டாது, பிய்க்கும். அந்தக் கூர்மையான நுனியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வட்டமாக வெட்டிவிடுங்கள். நல்ல சதையை வெட்டுவதா என்று கை நடுங்கும். ஆனால் நுனி வட்டமானால் விரிசல் மேற்கொண்டு எளிதில் ஓடாது.

படி 3: ஒட்டுவது

ஆழமில்லாத, சுத்தமான கிழிசலுக்கு ஒற்றைக் கூறு பசையே போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கிழிசலின் அடியிலிருந்து தொடங்கி ஒரு பக்க உதட்டில் மட்டும் மெல்லியதாகத் தடவி, மூடி, விரலால் அழுத்துங்கள். சில்-பாக்ஸி ரகத்துக்குக் கையாள ஐந்து நிமிடம் போலத்தான் நேரம். ஏழு செ.மீ. என்றால் ஒரே மூச்சில் போகாமல் இரண்டு இரண்டு செ.மீ. ஆக முன்னேறுங்கள். வெளியே பிதுங்குவதை உடனே ஆல்கஹால் தொட்ட விரலால் நீவிவிட வேண்டும். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்று விட்டுவிட்டால், மென்மையான சிலிக்கானை உப்புத்தாள் தேய்க்காது; உருட்டும்.

இந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது, வெளியிலிருந்து உள்நோக்கி. இதனால் இரண்டு விஷயம். ஒன்று, கனமாக ஊற்றினால் மேலே தோல் கட்டி, உள்ளே நாள்கணக்கில் ஈரமாக நிற்கும். ஆழமான குழியை ஒரு நாளைக்கு இரண்டு மில்லிமீட்டர் என்ற கணக்கில் அடுக்கடுக்காக நிரப்புங்கள். இரண்டு, தூசி படாமல் இருக்கட்டும் என்று கிளிங் ஃபிலிம் சுற்றி வைக்காதீர்கள். காற்றின் ஈரம் உள்ளே போகாது, பசை இறுகாது. நான் அப்படிச் சுற்றிவைத்துவிட்டு மறுநாள் பிரித்தபோது, பசை ஃபிலிமோடு கையில் வந்தது. ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் காற்று வறண்டிருக்கும், அங்கே இன்னும் பொறுமை வேண்டும். சென்னைப் புழுக்கம் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வரம்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் கையை அசைத்துப் பார்க்க வேண்டாம். குறைந்தது 24 மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற அசையும் இடம் என்றால் நான் மூன்று நாள் விடுவேன்.

பெரிய கிழிசலும் இரு கூறு சிலிக்கானும்

சதை பிய்ந்து பள்ளமாகிவிட்டால் ஒற்றைப் பசை உதவாது. பிளாட்டினம் சிலிக்கானின் ஏ, பி இரண்டையும் தராசில் நிறுத்து, டப்பாவில் சொன்ன விகிதத்தில் (பல ரகங்களுக்குச் சம எடை) கலக்க வேண்டும். கண் மதிப்பில் கலக்காதீர்கள். எப்போதும் பழுது பார்க்கும் சிலிக்கான், உடலின் மென்மைக்குக் கிட்டத்தட்டச் சமமாகவோ ஒரு படி மட்டும் கெட்டியாகவோ இருக்கட்டும். ரொம்பக் கெட்டியாகப் போட்டால் ஒட்டு நிற்கும், அதன் ஓரத்தில் புதுக் கிழிசல் வரும்.

டப்பாவில் எழுதியிருக்கும் நேரமெல்லாம் 23 டிகிரி செல்சியஸுக்கு. ஈகோஃப்ளெக்ஸ் 00-30க்கு 45 நிமிடம் கையாள நேரம் என்று போட்டிருக்கும். சித்திரை மாத மாடி அறையில் 35 டிகிரி அடிக்கும்போது அதை நம்பி போன் பேசப் போனால், திரும்பி வரும்போது கப்பிலேயே இறுகியிருக்கும். கலப்பதற்கு முன் இரண்டு டப்பாவையும் ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் நேரம் நீளும்.

கலவை தேன் போல வழிந்தோடும். சரிவான இடத்தில் நிற்காது. அதற்கென்று கெட்டியாக்கும் சொட்டு மருந்து தனியாக வரும். சில சொட்டு விட்டால் வெண்ணெய் பதத்துக்கு வந்துவிடும். ஆழமான கிழிசலுக்குள், மேல் மட்டத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் கீழே, பழைய நைலான் ஸ்டாக்கிங்ஸிலிருந்து வெட்டிய பட்டை ஒன்றைப் புதைத்துவிடுங்கள். சிலிக்கான் அதன் கண்ணிகளுக்குள் புகுந்து இறுகும். இழுவை இனி துணியில் போகும். செயற்கைக் கை செய்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இது. பட்டை எங்கும் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது.

நிறம், பளபளப்பு

நிறம் சேர்ப்பதைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். பொம்மையின் தோல் பெயின்ட் போல மூடிய நிறம் அல்ல, ஒளி கொஞ்சம் உள்ளே போய் வரும். அதனால் நிறமி குறைவாகவே வேண்டும். பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டுத் தொட்டுச் சேர்த்து, உடலின் மேல் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். முதல் தடவையே பொருந்தினால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

ஒட்டிய இடம் மினுமினுக்கும். இறுகும் முன் சொரசொரப்பான ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் தோல் துளைகள் போல வரும். காய்ந்தபின் வாசனை சேர்க்காத மக்காச்சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) தூவித் தட்டினால் மீதிப் பளபளப்பும் அடங்கும். துருத்தி நிற்கும் முனைகளுக்கு நகம் வெட்டும் வளைந்த கத்தரி போதும்.

எதில் கை வைக்கக் கூடாது

உடல் தொடர்பு ஏற்படும் உள்பகுதியில் கிழிசல் என்றால் என் அளவுகோல் கடுமையானது. அங்கே ஒற்றைக் கூறு பசை வேண்டாம்; தோலுக்குப் பாதுகாப்பானது என்று தயாரிப்பாளரே சொல்லும் பிளாட்டினம் சிலிக்கான் மட்டும், முழுதாக இறுகி, கழுவி, காய்ந்த பிறகு. கிழிசலுக்குள் கிருமி தங்கும், கழுவினாலும் எளிதில் போகாது. கழற்றி மாற்றும் உள்ளுறை உள்ள பொம்மை என்றால் புது உள்ளுறை வாங்கிவிடுவதே மேல்.

நுரை தெரியும் கிழிசலில், ஒட்டுவதற்கு முன் நுரை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். அழுத்தினால் ஈரம் கசிகிறதா, புளித்த வாடை வருகிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் ஃபேன் முன்னால் கிடக்கட்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்தது போல. பழுப்பு நிறத்தில் துருக்கறை தெரிந்தாலோ, மூட்டை அசைக்கும்போது 'டக்' என்று சத்தம் வந்தாலோ, பிரச்சினை எலும்புக்கூட்டில். மேலே எவ்வளவு அழகாக ஒட்டினாலும் உடைந்த உலோக முனை மறுபடி குத்திக்கொண்டு வெளியே வரும். தயாரிப்பாளருக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேட்பதுதான் வழி. விரல் நுனியில் கம்பி குத்தி வெளியே வந்தால் மட்டும், கம்பி முனையை மடக்கி, மழுக்கி, சிலிக்கான் தொப்பி போட்டுச் சமாளிக்கலாம்.

ஒட்டிய பிறகு

மூன்றாம் நாள் இரு விரலால் ஒட்டின் குறுக்கே மெதுவாக விலக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. அந்த அரை செ.மீ. மட்டும் திறந்து மறுபடி செய்வது, முழுவதும் பிரியும்வரை காத்திருப்பதைவிட எளிது.

அலமாரியில் வைக்கும்போது கை பக்கவாட்டில், கால் சேர்ந்து. சிலிக்கான் எண்ணெய் கலந்த வழுக்கு திரவங்கள் உடலுக்குள் ஊறி உப்பச் செய்யும், ஒட்டையும் இளக்கும். தண்ணீர் அடிப்படையிலானது போதும். கொலுசு, ஜிப், கொக்கி எதுவானாலும் அக்குள், தொடை இடுக்கில் படக் கூடாது. நண்பரின் பொம்மையில் முதல் கீறலைப் போட்டது ஒரு சுரிதாரின் பக்க ஜிப் என்பது பிறகுதான் தெரிந்தது. கீறலின் தொடக்கம் ஜிப் முடியும் உயரத்தில் அப்படியே பொருந்தி நின்றது.

மீதிப் பசையை வீணாக்காதீர்கள். டியூப் வாயில் கொஞ்சம் பிதுக்கி அப்படியே மூடி வைத்தால், அது அங்கேயே இறுகி அடைப்பான் ஆகிவிடும். அடுத்த தடவை இடுக்கியால் அதைப் பிடித்து இழுத்தால், பின்னால் புதுப் பசை வரும்.